கொட்டகைக்குள் யார் இருக்கிறார்? (வாசகர் கேள்வி-பதில்)

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி தெருப் போராட்டங்களைப் பற்றியவை. சமையல் குறிப்புக் கேட்ட தங்கச்சிமார் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம்.

கேள்வி: தாய்லாந்தில் 2008இல் விமான நிலையத்தையே பிடித்து வைத்திருந்தவர்களை இராணுவம் தொடவில்லை. 2010இல் கடைத்தெருவில் உட்கார்ந்தவர்களைச் சுட்டது. ஒரே நாடு, ஒரே தலைநகரம். ஏன் இந்த வித்தியாசம்?
(அரசறிவியல் படிக்கும் மாணவி, வந்தாறுமூலை)

பதில்: சட்டையின் நிறம்தான் தங்கச்சி. மஞ்சள் சட்டைக்காரர் பெரும்பாலும் பாங்கொக்கின் நடுத்தர வர்க்கம், அரண்மனை விசுவாசிகள், 2006இல் இராணுவம் கவிழ்த்த பிரதமர் தக்சினைக் கண்ணில் காட்டக் கூடாதவர்கள். சிவப்புச் சட்டைக்காரரில் வடக்கு, வடகிழக்குக் கிராமங்களில் நெல் விதைக்கிறவர்கள் அதிகம், தக்சினுக்கு வாக்குப் போட்டவர்கள். நாடே இப்படி இரண்டாகப் பிளந்து கிடந்தது.

2008இல் ஆட்சியில் இருந்தது தக்சின் பக்கம். ஆகஸ்ட் 26 மஞ்சள் சட்டைக்காரர் பிரதமர் அலுவலக வளவுக்குள் புகுந்து, மாதக் கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். பிரதமர் சமக் அவசரகாலச் சட்டம் போட்டார், ஆனால் இராணுவத் தளபதியோ பலத்தைப் பாவிக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். அடுத்த வாரமே நீதிமன்றம் சமக்கின் பதவியைப் பறித்தது. குற்றம் என்ன தெரியுமா? தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சி நடத்திக் காசு வாங்கினாராம். (சமையல் குறிப்புக் கேட்ட தங்கச்சிமார் இதைக் கவனிக்கவும்.) மறுகா வந்தவர் சொம்சாய், தக்சினின் மச்சான் முறை. அவருடைய பொலிஸ் ஒக்டோபர் 7 கண்ணீர்ப்புகை அடித்த அன்று இரண்டு பேர் செத்தார்கள், அதில் ஒரு இளம்பெண்ணின் இறுதிச் சடங்குக்கு மகாராணியே வந்தார். அதற்குப் பிறகு எந்தப் பொலிஸ்காரன் கையை ஓங்குவான்? நவம்பர் 25 விமான நிலையம் அவர்கள் கைக்குப் போனது. பெரு நாட்டு மாநாட்டுக்குப் போய்த் திரும்பி வந்த பிரதமருக்குத் தலைநகரில் இறங்க முடியாமல், சியாங் மாயில் இறங்கி அங்கிருந்தே ஆட்சி நடத்தினார். டிசம்பர் 2 நீதிமன்றம் அவருடைய கட்சியைக் கலைத்தது. அடுத்த நாள் மஞ்சள் சட்டைக்காரர் பாயைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

2010இல் ஆட்சிக் கட்டில் மாறிவிட்டது. ஆட்சியில் தக்சினுக்கு எதிர்ப்பக்கத்துப் பிரதமர் அபிசித், தெருவில் சிவப்பு. மார்ச்சில் வந்து உட்கார்ந்தார்கள், ஏப்ரல் 10 இராணுவம் இறங்கியது, இருபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள், படையினரும் அதில் அடக்கம். மே 3 அபிசித் ஒரு நல்ல காரியம் செய்தார், நவம்பர் 14 தேர்தல் வைக்கிறேன் என்றார். சிவப்புத் தலைவர்கள் உடனே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ‘ஏப்ரலில் சுட்டவர்களுக்கு முதலில் வழக்குப் போடு’ என்று இழுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இருந்தாலும் அந்த இழுவையில் தேர்தல் போனது. மே 19 இராணுவம் அவர்கள் உட்கார்ந்திருந்த கடைத்தெருவான ராட்சபிரசோங் சந்தியைத் துடைத்தெடுத்தது. எல்லாம் சேர்த்துத் தொண்ணூறுக்கு மேற்பட்ட உயிர்கள்.

நாம் ‘அரசு, அரசு’ என்று ஒரு ஆளைப் போலப் பேசுகிறோம். பிளவுபட்ட நாட்டில் பிரதமர் ஒரு பக்கம், தளபதி ஒரு பக்கம், நீதிமன்றம் ஒரு பக்கம் இழுப்பார்கள். எத்தனை நாளாக உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. நீ யாருடைய ஆள் என்பதுதான் கேள்வி.

2013-14இல் பிரதமராக இருந்த தக்சினின் தங்கை யிங்லக் விட்டுக்கொடுத்துப் பார்த்தார். அலுவலகங்களை மறித்தவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று டிசம்பர் 3 பொலிசாரே முள்வேலியை விலக்கி வழிவிட்டார்கள், கூட்டம் பூக் கொடுத்தது. ஆறு நாளில் அவர் பாராளுமன்றத்தையும் கலைத்தார். அதுவும் போதவில்லை. 2014 மே 22 இரண்டு பக்கத்தாரையும் பேச்சுவார்த்தைக்கு என்று கூப்பிட்ட இராணுவத் தளபதி, கூப்பிட்ட இடத்திலேயே ஆட்சியைப் பிடித்துக்கொண்டு, வந்தவர்களையும் தடுத்து வைத்தார். பரீட்சைக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: என் அப்பா 1961இல் மட்டக்களப்புக் கச்சேரி (மாவட்ட அரச செயலகம்) வாசலில் இருந்தவர். அந்தச் சத்தியாக்கிரகத்துக்கு அரசாங்கம் என்ன பதில் சொன்னது என்று பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லுங்கள்.
(ஓய்வு பெற்ற ஆசிரியர், களுவாஞ்சிகுடி)

பதில்: சுருக்கமாகச் சொல்வது கஷ்டம் சேர், 1958இல் தொடங்கினால்தான் விளங்கும். அதற்கு முந்தைய வருடம் ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் தமிழ்ப் பகுதிகளுக்குப் பிராந்திய சபை தருவதாக ஒப்பந்தம் எழுதினார்கள். 1958 ஏப்ரல் 9 காலை பிக்குமார் ரொஸ்மீட் பிளேசில் பிரதமர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார்கள். மாதமில்லை, வாரமில்லை, ஒரு பகல். ஒப்பந்தம் கிழிந்தது. கிழித்தேன் என்று எழுத்திலும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் எழும்பினார்கள்.

இப்போது 1961க்கு வாருங்கள். சிங்களம் மட்டும் நிர்வாகத்துக்கு எதிராக பெப்ரவரி 20 யாழ்ப்பாணக் கச்சேரியில் தமிழரசுக் கட்சி தொடங்கியது. முதல் நாளே பொலிஸ் அடித்தது, ஆட்கள் எழும்பவில்லை. மட்டக்களப்பு, திருகோணமலை என்று பரவியது. நம் கச்சேரி புளியந்தீவில் ஒல்லாந்தர் கோட்டைக்குள் இருந்தது, வாயிலை மறித்தால் உள்ளே பைல் அசையாது. எங்கள் பெரியம்மா அந்த நாளைக் கதைக்கத் தொடங்கினால் அரசியலை விட்டுவிட்டுச் சோற்றைப் பற்றித்தான் கதைப்பா. ஊர் ஊராக வாழை இலையில் சோறு கட்டி வரும். நம் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் இருந்தும் வந்ததாம். சாப்பிட்டு எறிந்த இலைக்குக் கோட்டைப் பக்கத்து ஆடெல்லாம் வரிசையில் நிற்குமாம். ‘அந்த ஒண்டரை மாசத்தில ஆடு நல்லாக் கொழுத்தது’ என்று முடிப்பா.

இதற்கு அரசாங்கம் கொடுத்த முதல் பதில் காணாத மாதிரி இருந்தது. பிரதமர் சிறிமாவோ இடையில் லண்டன் மாநாட்டுக்கும் போய் வந்தார். ஏப்ரல் 14 தமிழரசுக் கட்சி சொந்தத் தபால் சேவை தொடங்கி முத்திரை விற்றது. காணாத மாதிரி இருந்தவர்களுக்கு அப்போதுதான் கண் தெரிந்தது. ஏப்ரல் 17 அவசரகாலச் சட்டம், இராணுவம், தலைவர்களுக்குப் பனாகொடை முகாம். பிக்குமாருக்கு ஒரு பகலில் கிடைத்தது, இவர்களுக்கு இரண்டு மாதத்தில் கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு திகதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். இன்னொன்று, மட்டக்களப்பின் தென்பகுதியைப் பிரித்து அம்பாறை மாவட்டம் ஆக்கியதும் அதே ஏப்ரலில்தான். ஆட்கள் கச்சேரி வாசலில் இருக்க, மாவட்டம் பின்பக்கத்தால் பாதியாகப் போனது.

கேள்வி: 2022இல் கொழும்பு காலிமுகத்திடலில் மூன்று மாதத்தில் ஜனாதிபதியையே ஓட வைத்தார்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் நம் தாய்மார் 2017இல் இருந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு கடதாசி கூடக் கிடைக்கவில்லை. நாம் போராடும் முறை பிழையா?
(அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: முறையில் பிழை தேடாதீர்கள் தம்பி. காலிமுகத்திடல்காரருக்கும் அரசு எல்லா ஆயுதத்தையும் எடுத்துப் பார்த்தது. 2022 ஏப்ரல் முதலாம் திகதி அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, சமூக ஊடகத் தடை, அமைச்சரவையைக் கலைத்துப் புதிய முகம் காட்டல், மே 9 பிரதமரின் அலரி மாளிகையில் கூடிய ஆதரவாளர்களின் பொல்லு. அதன் பிறகும் ஜூலை 9 கூட்டம் ஜனாதிபதி மாளிகைக்குள் போய் நீச்சல் குளத்தில் குளித்தது. அன்று படையினர் பெரும்பாலும் விலகிக்கொண்டார்கள், காரணம் அந்தக் கூட்டத்தில் அவர்களுடைய தம்பி, மச்சான், ஊர்க்காரன் நின்றான். பெற்றோல் இல்லாத வரிசையில் அவர்கள் வீட்டு மனிசியும் நின்றாள்.

ஆனால் ஜனாதிபதி கோட்டாபய போன உடனே ஆட்டம் மாறியதைப் பாருங்கள். ஜூலை 21 ரணில் ஜனாதிபதியாகப் பதவியேற்றார், 22 விடியப் புறத்தில் இராணுவம் கொட்டகைகளை உடைத்தது. அன்று பின்னேரம் நாங்களே ஒரு பகுதியை விட்டுப் போகிறோம் என்று பிள்ளைகள் சொல்லியிருந்தார்கள், பின்னேரம் வரை பொறுக்க முடியவில்லை. மறுகா மாணவர் தலைவர்களுக்குப் பயங்கரவாதத் தடைச் சட்டம். அந்தச் சட்டத்தின் பெயரைக் கேட்டதும் தெற்கில் பலர் அதிர்ந்தார்கள். நமக்கு அது 1979இல் இருந்து அயல்வீட்டுக்காரன்.

தாய்மார் விஷயத்துக்கு வருகிறேன். மட்டக்களப்பு காந்தி பூங்காவில் அவர்கள் கூடும் நாளொன்றில் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு அம்மா கையில் லமினேட் பண்ணின படம், மகனுடையது. வெயிலில் முகம் வெளிறி, மீசை மட்டும் தெரிந்தது. ‘இது நாலாவது கொப்பி மகன், ஸ்டூடியோவில சொல்லி வச்சிருக்கன்’ என்றா. அந்தப் படத்துக்கு அரசு கொடுத்த பதில் முதலில் ஆணைக்குழு, அப்புறம் அலுவலகம், அப்புறம் ஒரு இலட்சம் ரூபாய். மகன் எங்கே என்று கேட்டவளுக்கு விலை சொன்னார்கள். சுடுவதும் அடிப்பதும் வெளியே தெரியும், படம் பிடிக்கலாம். கேட்டவர்கள் ஒவ்வொருவராகச் சாகும் வரை பார்த்துக்கொண்டிருப்பதை எந்தக் கமராவும் பிடிக்காது. அந்தப் பதிலும் இந்த நாட்டில் ஒரு இனத்துக்கு என்று ஒதுக்கி வைத்த பதில்தான்.

கேள்வி: மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டம்பர் 15 தொடங்கி வீதியோரம் இருந்தோம். எல்லாரும் வந்து படம் எடுத்தார்கள். நாங்கள் எங்கே பிழை விட்டோம்?
(பண்ணையாளர் வீட்டுப் பிள்ளை, சித்தாண்டி)

பதில்: மகன், உங்கள் பிரச்சினையின் அவசரம் கொழும்புக்கு விளங்கவே இல்லை. மகாபோகத்துக்கு வயல் விதைத்தால் ஊருக்குள் மாடு நிற்க இடமில்லை, மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். அதனால்தான் செப்டம்பர். அதே காணியில் வெளிமாவட்டத்தவர் வந்து சோளம் போட்டிருக்க, மாடு சுருக்கில் மாட்டிச் சாகும், வெடி பட்டுச் சாகும். இதைச் சொல்ல வந்தவர்களுக்குக் கூட்டத்தில் தேநீர் கொடுத்து, அத்துமீறியவர்களை எழுப்புகிறோம் என்று வாக்கும் கொடுத்தார்கள். வெளியில் என்ன நடந்தது? ஒக்டோபரில் ஜனாதிபதி வந்த அன்று வீதியில் நின்றவர்கள் மேல் வழக்கு, நவம்பரில் உங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய மாணவர்கள் ஆறு பேர் கைது. ஒரு கையால் வாக்குறுதி, மற்றக் கையால் பி அறிக்கை (பொலிஸ் நீதிமன்றத்தில் கொடுக்கும் அறிக்கை). இந்த இரண்டும் ஒரே கந்தோரில் இருந்துதான் வருகின்றன என்பதை நம்மவர்கள் இன்னும் நம்ப மறுக்கிறார்கள்.

நீதிமன்றத் தடையுத்தரவை வாசிக்கும் முறையும் ஒரு கலை. ஒரு கூட்டத்தில் நான் பார்த்தது, பொலிஸ் உத்தியோகத்தர் பெயர்ப் பட்டியலை வாசிக்கிறார், நாலாவது பெயருக்குரியவர் செத்து வருடம் ஒன்றாகிறது. ‘அவர் வரமாட்டார் ஐயா’ என்றார்கள். உத்தியோகத்தரோ குனிந்த தலை நிமிராமல் ஐந்தாவது பெயருக்குப் போனார்.

நீங்கள் பிழை ஒன்றும் விடவில்லை. ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். பாலுக்கு இனம் தெரியாது, உங்கள் பாலை வாங்குகிற ஏறாவூர், வாழைச்சேனை முஸ்லிம் வியாபாரிகளையும் கொட்டகைக்குக் கூப்பிட்டிருக்கலாம். பொத்துவில் தொடங்கி பொலிகண்டி வரை 2021 பெப்ரவரியில் பேரணி நடந்தபோது, கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் ஜனாசா எரிப்புக்கு எதிரான கோரிக்கையும் அதில் இருந்தது, முஸ்லிம் சகோதரர்களும் தெருவுக்கு வந்தார்கள். தடையுத்தரவுப் பட்டியல் நீள நீளக் கூட்டமும் நீண்டது.

கேள்வி: அப்படியானால் கல்முனையைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?
(பெயர் போட விரும்பாத வாசகி, கல்முனை)

பதில்: பயம்தான், ஒளிக்கவில்லை. 2019 ஜூனில் கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி ஒரு பக்கம் தமிழர் தரப்பின் உண்ணாவிரதம், பிக்குவும் ஐயரும் சேர்ந்து. வேண்டாம் என்று மற்றப் பக்கம் முஸ்லிம்களின் சத்தியாக்கிரகம். அரசாங்கத்துக்கு இதைவிட வசதியான போராட்டம் வேறு கிடைக்காது. இவரிடம் ஒரு வாக்கு, அவரிடம் ஒரு வாக்கு, இரண்டும் வாய்வார்த்தை. 2024 மார்ச்சில் மறுபடியும் கொட்டகை போட வேண்டி வந்தது. இரண்டு பக்கத்தாரையும் ஒரே மேசையில் இருத்தி, எல்லை வரைபடத்தை நடுவில் விரித்து, முடிவு எழுதும் வரை ஒருவரையும் எழும்ப விடாத அமைச்சர் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவரை நான் இன்னும் காணவில்லை, நீங்கள் கண்டால் எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் காணிப் பிரச்சினைக்காக வீதியோரம் இருக்கப் போகிறோம். கொட்டகை போட எந்தக் காலம் நல்லது?
(திருக்கோவில் வாசகர்)

பதில்: மார்கழியில் போடாதீர்கள், வெள்ளம் முழங்கால் வரை வரும், பேச்சுவார்த்தைக்கு வருகிறவனுக்கும் அது சாட்டாகிவிடும். ஆனி, ஆடியில் போட்டால் கச்சான் காற்றுத் தறப்பாளைக் கிழிக்கும். மேற்குப் பக்கத்தை ஓலையால் மறையுங்கள், கயிற்றை நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். கதிரையை வாடகைக்கு எடுக்க வேண்டாம், நாள் கூடக் கூடக் காசு ஏறும். பாய் கொண்டு போங்கள்.