ரொறன்ரோவை விட்டுக் கல்கரிக்குப் போவதா?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: கனடா வந்து எட்டு மாதம், ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் பேஸ்மன்ற் வாடகை, நிரந்தர வதிவிட அனுமதி கையில். நீங்கள் வேர்ஹவுஸில் வேலை, மனைவி நேர்ஸ் பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார், பிள்ளைக்கு ஆறு வயது. "கல்கரியில் வாடகையும் குறைவு, வரியும் இல்லை" என்று எல்லாரும் சொல்கிறார்கள், போகலாமா?

வேலைக் கடிதம் கைக்கு வந்தபிறகு போகலாம். மனைவியின் பதிவும் முடிந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். வாடகை வித்தியாசம் ஒன்றை மட்டும் நம்பிப் போவதென்றால் இப்போதைக்கு இருங்கள்.

வாடகையில் மிஞ்சுகிற காசை இரண்டாவது கார் தின்றுவிடும். ஸ்காபரோவில் நள்ளிரவு தாண்டியும் ஓடுகிற பஸ்ஸை நம்பி ஒரு குடும்பம் காரே இல்லாமல் சமாளிக்கலாம். கல்கரியில் ரயில் இரண்டு தடங்கள்தான், சிவப்பும் நீலமும். வேர்ஹவுஸ்கள் பெரும்பாலும் தென்கிழக்கு மூலையிலும், நகர எல்லைக்கு வெளியே வடக்கில் பல்சாக்கிலும் இருக்கின்றன. பல்சாக்குக்கு ரயில் போகாது. நேர்ஸ் வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் அதற்கும் தனியாக ஒரு கார் வேண்டும். ஆக இரண்டு கார், இரண்டு இன்சூரன்ஸ், இரண்டு செற் குளிர்கால ரயர். புதிதாக லைசன்ஸ் எடுத்தவருக்கு இன்சூரன்ஸ்காரர் என்ன விலை சொல்வார் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். கல்கரி முகவரி ஒன்றைக் கொடுத்து இப்போதே விலை கேளுங்கள்.

அடுத்தது ஹைட்ரோ பில், அதாவது மின்சாரமும் ஹீற்றும். இங்கே பேஸ்மன்ற் வாடகைக்குள் மின்சாரமும் ஹீற்றும் அடங்கிவிடுவது வழக்கம். அங்கே பல வீடுகளில் அது தனி. ஹீற்றை எவ்வளவு குறைத்து வைத்தாலும் விநியோகக் கட்டணம், நிர்வாகக் கட்டணம் என்று ஒரு தொகை பில்லில் நின்றுகொண்டே இருக்கும். வீடு பார்க்கும்போது போன ஜனவரி மாதப் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். ஜூலை பில் எதையும் சொல்லாது.

"வரி இல்லை" என்பது பாதி உண்மை. கல்கரி இருக்கிற அல்பேர்ட்டா மாகாணத்தில் மாகாண விற்பனை வரி கிடையாது. 100 டொலர் பொருளுக்கு இங்கே 113, அங்கே 105. ஆனால் அரிசி, பால், மரக்கறிக்கு இரண்டு இடத்திலும் வரி இல்லை. மிச்சம் தெரிவது கார், தளபாடம், ஃபோன் போன்றவற்றில்தான். ஆண்டுக்கு எழுபதாயிரம் உழைக்கிறவருக்கு வருமான வரியிலும் பெரிய வித்தியாசம் வராது. அல்பேர்ட்டாவின் சலுகை மேல்மட்டச் சம்பளக்காரருக்கே இனிக்கும். இன்னொன்று: டிசம்பர் 31 அன்று எந்த மாகாணத்தில் வசிக்கிறீர்களோ, அந்த ஆண்டு முழுவதற்கும் அந்த மாகாண வரிதான்.

புதிதாக வருபவர்கள் அதிகம் கோட்டை விடுவது வாடகைச் சட்டத்தில். இங்கே, ஒன்ராறியோ மாகாணத்தில், ஓர் ஆண்டு ஒப்பந்தம் முடிந்தால் அது தானாக மாதாந்த வாடகையாக மாறிவிடும். அல்பேர்ட்டாவில் முடிகிற திகதியோடு ஒப்பந்தம் முடிந்தது; வீட்டுக்காரர் முன்னறிவித்தல் தரவே தேவையில்லை. வாடகை உயர்வுக்கும் உச்சவரம்பு கிடையாது, 365 நாளுக்கு ஒரு தடவைதான் என்பது மட்டுமே கட்டுப்பாடு. இங்கே 2018 நவம்பர் 15க்கு முதல் குடியிருக்கத் தொடங்கிய வீடுகளுக்கு வாடகையை எவ்வளவு ஏற்றலாம் என்று மாகாணம் அறிவிக்கிற வீதம் உண்டு, 2025இல் அது 2.5%. உங்கள் பேஸ்மன்ற் அந்தக் கணக்கில் வருமா என்று பாருங்கள். வந்தால், நீங்கள் விட்டுப்போகிற பாதுகாப்பு சின்னதில்லை.

அல்பேர்ட்டாவில் வைப்புப் பணம் ஒரு மாத வாடகைக்கு மேல் கேட்க முடியாது. வீட்டுக்குள் போவதற்கு முன்போ பின்போ ஒரு வாரத்துக்குள் இரு தரப்பும் பார்த்துப் பரிசோதனை அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கை இல்லாமல் சேதம் என்று சொல்லி வீட்டுக்காரர் பணத்தைப் பிடிக்க முடியாது. சுவர்க் கீறல், கார்ப்பெற் கறை எல்லாவற்றையும் அதில் எழுதுவித்து, படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனைவியின் விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நேர்ஸ் பதிவு மாகாணத்தின் கையில். ஒன்ராறியோவில் முழுப் பதிவு எடுத்துவிட்டால், 2017இல் நடைமுறைக்கு வந்த கனேடிய சுதந்திர வர்த்தக உடன்படிக்கையின்படி அல்பேர்ட்டா அதை ஏற்றுக்கொள்ளும். பாதியில் விட்டுப்போனால் விண்ணப்பம் கூடவே வராது. அங்கே புதுக் கோப்பு, புதுக் கட்டணம். நாலு மாதம் காத்திருந்து பதிவை முடிப்பது, அவசரமாகப் போய் ஓர் ஆண்டு வேறு வேலை செய்வதைவிட மேல்.

போவதென்று முடிவெடுத்தால் வரிசை முக்கியம். வேலைக் கடிதம் வரும்வரை வீட்டுக்காரரிடம் வாய் திறக்க வேண்டாம். வந்ததும் வீட்டை விடுவதாக வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் என்9 (N9) படிவம்: 60 நாள் முன்னறிவித்தல், அதுவும் வாடகைக் காலம் முடிகிற கடைசி நாளில் முடிய வேண்டும். ஒப்பந்தக் காலம் இன்னும் மிச்சம் என்றால் என்9 உதவாது. வீட்டுக்காரரோடு பேசி, இரு தரப்பும் ஒத்துக்கொண்டு வாடகையை முடிக்கிற என்11 (N11) படிவத்தில் கையெழுத்திடுங்கள்.

அல்பேர்ட்டா சுகாதார அட்டை, நீங்கள் போய்ச் சேர்ந்த மாதத்துக்குப் பிறகு வரும் மூன்றாவது மாதம் முதலாம் திகதிதான் உயிர்பெறும். ஓகஸ்ட்டில் போனால் நவம்பர் 1. அதுவரை டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒன்ராறியோ அட்டை செல்லும், அம்புலன்ஸுக்கும் மருந்துக்கும் செல்லாது. தொடர்ந்து எடுக்கிற மருந்து இருந்தால் மூன்று மாதத்துக்கு வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

லைசன்ஸை 90 நாளுக்குள் மாற்ற வேண்டும். புறப்படும் முன் உங்கள் ஓட்டுநர் பதிவையும், இன்சூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து எத்தனை ஆண்டு, எத்தனை விபத்து என்று எழுதிய கடிதத்தையும் வாங்குங்கள். கார் இன்னும் வாங்கவில்லை என்றால் அங்கே போய் வாங்குங்கள். தனியாரிடம் வாங்கும் பழைய காருக்கு இங்கே 13% வரி, அங்கே ஒன்றுமில்லை. இங்கிருந்து கொண்டுபோனால் வெளிமாகாண வாகனப் பரிசோதனை கட்டாயம்; முன் பக்கவாட்டுக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தால் அதற்கே நிறுத்துவார்கள்.

லொறி வாடகை, பெற்றோல், வழித் தங்கல் எல்லாவற்றுக்கும் ரசீது வையுங்கள். புது வேலைக்கு 40 கிலோமீற்றராவது கிட்டப் போனால் இடம்பெயர்வுச் செலவை வரிப் படிவத்தின் 21900ஆம் வரியில் கழிக்கலாம், ஆனால் புது இடத்தில் உழைத்த வருமானத்துக்கு எதிராக மட்டும். பழைய சோபாவை 3,400 கிலோமீற்றர் இழுத்துக்கொண்டு போகாதீர்கள்.

முதலில் ஜனவரியில் மூன்று நாள் போய்ப் பாருங்கள். ஜூலையில் ஸ்ராம்பீட் திருவிழா, ஹோட்டல் விலை ஏறியிருக்கும், ஊரும் அழகாய்த் தெரியும். வேலை கிடைக்கக்கூடிய அந்த வேர்ஹவுஸ் வாசலில் இரவு ஷிஃப்ற் முடிகிற நேரத்துக்கு நின்று, வாடகைக்குப் பார்த்த வீட்டுக்கு ஒருமுறை போய்ச் சேர்ந்து பாருங்கள்.