வார்டன் கையெழுத்து போதுமா?

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கும் பழங்குடிப் பிள்ளைகளிடம் ரத்தசோகை பற்றி ஆய்வு செய்கிறேன். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், அவ்வளவுதான். வார்டன் கையெழுத்துப் போடத் தயார். ஆனால் நெறிமுறைக் குழு ஒவ்வொரு பெற்றோரிடமும் பிள்ளையிடமும் தனித்தனியாகக் கேட்கச் சொல்கிறது. நல்ல காரியத்துக்கு ஏன் இத்தனை முட்டுக்கட்டை?
- ஆராய்ச்சி மாணவர், சேலம்

பதில்: குழு சொல்வதுதான் சரி. வார்டன் கையெழுத்தை நம்பி நடந்த ஒரு காரியம் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2009-இல் அன்றைய ஆந்திராவின் (இப்போது தெலங்கானாவில் இருக்கும்) கம்மம் மாவட்டத்தில் 10 முதல் 14 வயது வரையிலான சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டு ஓர் ஆய்வு நடந்தது. பலர் விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பெண்கள். பெற்றோர் எங்கோ கிராமத்தில். பிறகு விசாரித்தபோது, பார்த்த 9,543 சம்மதப் படிவங்களில் 2,763-இல் விடுதி வார்டன்களே கையெழுத்திட்டிருந்தது தெரிந்தது. 1,948-இல் கைநாட்டு. ஆந்திராவிலும் குஜராத்திலுமாக ஏழு சிறுமிகள் இறந்துபோனதும் எழுந்த எதிர்ப்பில் 2010 ஏப்ரலில் ஆய்வு நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் நல்ல மருந்து அது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அந்த ஆய்வைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்லது என்பதற்காக, கேட்காமல் போட்டது சரியாகிவிடாது.

விடுதியில் சோறும் படுக்க இடமும் வார்டன் கையில். அவர் "போய் வரிசையில் நில்லு" என்றால் எந்தப் பிள்ளை மாட்டேன் என்று சொல்லும்? அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல், பெற்றோர் சம்மதத்தோடு பிள்ளையின் இசைவையும் கேட்கிறது. ஏழு வயதிலிருந்து வாய்மொழியாக, பன்னிரண்டுக்கு மேல் எழுத்தில்.

பெற்றோர் பிள்ளையைப் பார்க்க வரும் நாளில் நீங்களும் போங்கள். படிவத்தை அவர்கள் பேசும் மொழியில் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றாலும் விடுதியில் இடம் போகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கைநாட்டு வைப்பவர் பக்கத்தில் வார்டனைச் சேராத ஒரு சாட்சி இருக்கட்டும். அப்பா சரி என்று சொல்லியும் மகள் தயங்கினால், அவளை விட்டுவிடுங்கள்.

அப்புறம், உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்கிறேன். ஒரு பிள்ளைக்குக் கடுமையான ரத்தசோகை என்று தெரிந்தால் யாரிடம் அனுப்புவீர்கள், யார் கூடப் போவார்? குழுவிடம் கொடுத்த விண்ணப்பத்தில் அதை எழுதியிருக்கிறீர்களா?