கிளியோபாட்ராவை விட்டால் பழங்கால ஆப்பிரிக்காவை ஆண்ட ராணி வேறு யாருமே இல்லையா?

ஏன் இல்லாமல்? நான் முதலில் சொல்வது அமானிரேனாஸ். கிளியோபாட்ரா இறந்து ஐந்தாறு வருடத்துக்குள் அதே ரோமோடு மோதியவர். நாடு குஷ், தலைநகர் மெரோவே, இன்றைய சூடானில் கார்ட்டூமுக்கு வடக்கே சுமார் 200 கிலோமீட்டர். அந்த ஊர் அரசிகளின் பட்டம்தான் கந்தாகே. பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிற கந்தாகே இவருக்குப் பின்னால் வந்த வேறொருவர்.

கி.மு. 25 வாக்கில் எகிப்திலிருந்த ரோமப் படையில் ஒரு பகுதி அரேபியாவுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, குஷ் படை எகிப்தின் தெற்கு எல்லையிலிருந்த அஸ்வான், எலிபன்டைன், ஃபிலே மூன்றிலும் புகுந்து, ஆட்களைச் சிறைபிடித்து, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் சீசரின் சிலைகளையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. ரோம ஆளுநர் பெட்ரோனியஸ் சும்மா விடுவாரா? துரத்திப் போய் குஷ் நாட்டின் நபாட்டா நகரத்தையே அழித்தார், பிரிமிஸ் கோட்டையில் 400 பேரைக் காவல் வைத்துவிட்டுத் திரும்பினார். ராணி அடங்கவில்லை, மறுபடி பெரும்படையோடு அந்தக் கோட்டைக்கே கிளம்பி வந்தார். அவருக்கு ஒரு கண் பார்வை கிடையாது என்று அந்தக் காலத்துக் கிரேக்க எழுத்தாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார்.

கடைசியில் பேச்சுவார்த்தை. சீசரிடம் போய்ப் பேசுங்கள் என்று பெட்ரோனியஸ் சொன்னதற்கு, சீசர் யார், எங்கே இருப்பார் என்றே எங்களுக்குத் தெரியாது என்றார்களாம் குஷ் தூதர்கள். நல்ல கதை! 1910இல் மெரோவேயில் தோண்டியபோது அகஸ்டஸின் வெண்கலத் தலை ஒன்று கிடைத்தது, கண்ணாடி பதித்த கண்கள் அப்படியே இருக்க, ஒரு கோயில் படிக்கட்டுக்கு அடியில், ஏறிப்போகிற ஒவ்வொருவரும் மிதிக்கிற மாதிரி புதைத்து. இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

தூதர்கள் சாமோஸ் தீவு வரை போய் அகஸ்டஸைப் பார்த்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது, விதித்திருந்த கப்பத்தையும் அவர் ரத்து செய்தார்.

அதற்காக வாட்ஸ்அப்பில் சுற்றுவதுபோல "ரோமையே மண்டியிட வைத்த ராணி" என்றெல்லாம் நான் சொல்லமாட்டேன். நபாட்டா அழிந்தது, எல்லையோரப் பகுதி ரோமிடமே நின்றது. ஆனால் தோற்றவரிடம் யாரும் கப்பத்தைத் தள்ளுபடி செய்வதில்லை, இல்லையா? இதெல்லாமே எதிர்த்தரப்பு எழுதியதுதான். அமானிரேனாஸின் பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்று மெரோவே பக்கத்தில் ஹமதாபில் கிடைத்திருக்கிறது. எழுத்தைக் கூட்டி வாசிக்க முடிகிறது, மொழிதான் இன்னும் முழுதாகப் புரிந்தபாடில்லை.