கலயத்துக்குள் சுண்ணாம்பு: கேள்வி பதில்

நாகர்கோவில் பக்கம் ஞாயிறுதோறும் ஓலைப்பெட்டி முடையச் சொல்லித் தருகிறேன். வருகிறவர்கள் வீட்டில் புழங்கும் பாத்திரம் ஒன்றோடு வந்து அதன் கதையைச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஓலை கைக்கு வரும். கேட்டவர்களுக்குப் பதில் இதோ.

தக்கலை: பனங்கலயத்துக்கு என்ன அர்த்தம் அக்கா?

பனையேறித் தாத்தா ஒருவர் பனையில் கட்டும் மண்கலயம் கொண்டுவந்தார். கல்லூரிப் பிள்ளை ஒருத்தி இதே கேள்வியைக் கேட்டாள். அவர் விரலை உள்ளே விட்டுச் சுரண்டிக் காட்டினார். வெள்ளையாகச் சுண்ணாம்பு. அதைத் தடவிக் கட்டினால் பாளையில் சொட்டுவது புளிக்காது, அக்கானி, அதாவது பதநீர். காய்ச்சினால் கருப்பட்டி. தடவாமல் விட்டால் அதுவே கள். மரமும் மாறவில்லை, பாளையும் மாறவில்லை. உள்ளே இருப்பது என்ன ஆகும் என்பதைப் பாத்திரம் முடிவு செய்கிறது. இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

குலசேகரம்: பெட்டியில் பூஞ்சை பிடிக்கிறதே?

ஈரத்தோடு மூடி வைத்திருப்பீர்கள். முடைந்ததும் நிழலில் நன்றாக உலர்த்துங்கள்.

குளச்சல்: மண்பானை வனையச் சொல்லித் தருவீர்களா?

எனக்குச் சக்கரம் தெரியாது. குயவரிடம் போங்கள்.

களியக்காவிளை: கள்ளைக் குற்றம் மாதிரி எழுதுகிறீர்களே?

எங்கே எழுதினேன்? புளிக்கும் என்றேன், அவ்வளவுதான்.

மணவாளக்குறிச்சி: கள்ளால் கெட்ட குடும்பம் எங்களுடையது. சுண்ணாம்பே நல்லது.

களியக்காவிளை, மறுபடியும்: அக்கானி உணவு, கள் மட்டும் விஷமா?

சரி, இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இங்கே தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை. களியக்காவிளை தாண்டினால் கேரளம், அங்கே உரிமம் வாங்கிய கள்ளுக்கடை. 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் ஒரே ஆட்சியில்தான் இருந்தன. அந்த வழக்கை என் திண்ணையில் தீர்க்க முடியாது. ஆனால் போலீஸ்காரர்கள் காலிக் கலயத்தைக்கூட வாங்கி முகர்ந்து பார்ப்பார்கள் என்று தாத்தா சொன்னபோது எல்லோரும் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை.

ஆரல்வாய்மொழி: பூஞ்சைக்கு என்ன செய்ய?

குலசேகரத்துக்காரருக்குச் சொன்னதுதான். நிழல். உலர்த்தல்.

வடசேரி: ஓட்டைக் குடத்தில் செடி வைக்கலாமா?

தாராளமாக. என் அம்மா மட்டும் விடமாட்டாள். கொள்ளிக்குடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஓட்டை போட்டுக் கடைசியில் உடைப்பதைப் பார்த்தவளுக்கு, ஒழுகுகிற குடம் என்றாலே சுடுகாடு.

திங்கள்சந்தை: ஒயர் கூடை கொண்டுவரலாமா?

கொண்டு வாருங்கள். கதை இருந்தால் போதும்.

பூதப்பாண்டி: பெட்டி கறுத்துப் போகிறது, பூஞ்சையா?

மக்கா, மேலே படியுங்கள்! கடவம் என்கிற பெரிய பெட்டிக்குச் சாரோலை, சின்னப் பெட்டிக்குக் குருத்தோலை. எதுவானாலும் நிழலில் உலர்த்த வேண்டும். ஞாயிறு பத்து மணிக்கு ஓலையை நனைத்து வைத்திருப்பேன். தாமதமாக வந்தால் காய்ந்த ஓலைதான்.