பிக்கப்புக்கு ரிம் மாத்துறீங்களா? இந்த வாரக் கேள்விகள்

கேள்வி: ஃபோர்டு ரேஞ்சர்ல கழட்டின ரிம் சீப்பா கிடைக்குது, என் டொயோட்டா ஹைலக்ஸுக்கு போடலாமா? ரெண்டும் 6 ஓட்டை, 139.7 தான்.

பதில்: பிசிடி, அதாவது போல்ட் ஓட்டைங்க நிக்கிற வட்டத்தோட விட்டம் 139.7 மி.மீ., அது சரி, சென்டர் போர் பாத்தீங்களா? ரேஞ்சர் ரிம்ல நடு ஓட்டை 93 மி.மீ., ஹைலக்ஸ் ஹப்பு 106. ஏறவே ஏறாது. லேத்துல குடைஞ்சு தரேன்பாங்க, தலையாட்டிடாதீங்க.

கேள்வி: என் வண்டிக்கு 20 இஞ்ச் போடலாமா சார்?

பதில்: எந்த வண்டி? மாடலும் இல்ல, இப்ப ஓடுற டயர் சைஸும் இல்ல, நான் என்ன ஜோசியமா பாக்குறேன்? 265/65 ஆர்17 ஓடுதுன்னா 265/50 ஆர்20 போட்டாலும் டயர் உயரம் ஏறக்குறைய அதேதான், ஆனா சைட்வால், அதாவது டயரோட பக்கச் சுவர், 17 செ.மீ.ல இருந்து 13க்கு வந்துடும், குழியில விழுந்தா அடி நேரா ரிம்முக்குத்தான். ரிம்முக்குப் பின்னாடி லோட் எவ்வளவுன்னு அடிச்சிருக்கும், அதையும் படிங்க.

கேள்வி: ஹைலக்ஸ், ஸ்டாக் ரிம் அகலம் 7.5 இஞ்ச், ஆஃப்செட் +30. 9 இஞ்ச், 0 ஆஃப்செட் எடுக்கலாம்னு இருக்கேன். ஒண்ணும் ஆகாதுன்றார் கடைக்காரர்.

பதில்: அவருக்கு ஒண்ணும் ஆகாதுதான். ஆஃப்செட்னா ரிம் ஹப்புல ஒட்டுற முகம், ரிம் அகலத்தோட நடுவுல இருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கமா இருக்குன்றது. கணக்கு போடுங்க. ஆஃப்செட் 30 குறைஞ்சா ரிம் 30 மி.மீ. வெளிய வரும், அகலம் ஒன்றரை இஞ்ச் கூடுறதுல பாதி வெளிப்பக்கம், அது இன்னொரு 19, ஆக வெளி விளிம்பு கிட்டத்தட்ட 5 செ.மீ. தள்ளி நிக்கும். உள்பக்கம் சஸ்பென்ஷன்ல இடிக்காது, இன்னும் 1 செ.மீ. இடம்தான் கிடைக்கும், அதைக் காட்டித்தான் விக்கிறாங்க. ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுப் பாருங்க, டயர் பம்பர் ஓரத்துலயும் சக்கரத்துக்கு மேல இருக்கிற பிளாஸ்டிக் லைனர்லயும் போய் உரசும். அதைக்கூட வெட்டி சரி பண்ணிடலாம், வீல் பேரிங்க்கு கூடுற லோடை எதை வெட்டி சரி பண்ணுவீங்க? ஒரு பக்க சக்கரம் குழியில இறங்கினா ஸ்டியரிங் கையை வெட்டி இழுக்கும், சேறு பூரா கதவுல. எல்லாம் எதுக்கு, போட்டோவுல தூக்கலா தெரியணும்னு! ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவுல ஸ்பேசர் தட்டு போட்டு இதையே பண்றவங்களுக்கும் இதே பதில்தான், தனியா எழுதாதீங்க. 8 இஞ்ச், +20, +25 போதும்.

கேள்வி: லோட் ரேட்டிங் எவ்வளவு இருந்தா சேஃப்?

பதில்: பின் ஆக்ஸிலோட அதிகபட்ச லோடுல பாதி, அதுக்கு மேல கொஞ்சம் மிச்சம். 690 கிலோன்னு அடிச்ச ரிம்மெல்லாம் காருக்கு, ஒரு டன் ஏத்துற வண்டிக்கு இல்ல. பின்னாடி எழுத்தே இல்லாத ரிம்மை தொடவே தொடாதீங்க.

கேள்வி: பழைய நட்டே போதுமா?

பதில்: போதாது. டொயோட்டா அலாய்க்கு வர்றது வாஷர் வச்ச தட்டை நட்டு, வெளிய வாங்குற ரிம்ல நட்டு உக்கார்ற இடம் பெரும்பாலும் கூம்பு சீட்டு. மாத்தி போட்டா உக்காராது, ஓட ஓட லூஸ் ஆகும். புது நட்டு வாங்கி, இறுக்கத்தை அளந்து முறுக்குற டார்க் ரெஞ்ச்ல முறுக்குங்க, 100 கி.மீ. போறதுக்குள்ள இன்னொரு தடவை செக் பண்ணிடுங்க.