மூட்டின அல்ல, விசிறின

கேள்வி: பதினோராம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். 1898 அமெரிக்க - ஸ்பானியப் போரைப் பத்திரிகைகள்தான் மூட்டிவிட்டன என்று மாணவர்களிடம் சொல்லலாமா? இப்படிப்பட்ட செய்தியை அவர்கள் அடையாளம் காண்பது எப்படி?

பதில்: 'மூட்டின' என்று சொல்லாதீர்கள். 'விசிறின' என்று சொல்லுங்கள். ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த கியூபாவில் நெருப்பு முன்பே எரிந்துகொண்டிருந்தது. ஸ்பானியத் தளபதி வெய்லர் கிராமத்து மக்களை முகாம்களில் அடைத்தார். பசியிலும் நோயிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அதில் பொய்யில்லை.

அடுத்து, கரும்பலகையில் தேதிகளை எழுதுங்கள். பிப்ரவரி 15 இரவு ஹவானா துறைமுகத்தில் அமெரிக்கப் போர்க்கப்பல் மெய்ன் வெடித்து, 260 பேருக்கு மேல் இறந்தார்கள். முழு விவரம் வரும்வரை மக்கள் எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று கப்பலின் கேப்டன் சிக்ஸ்பீ உடனே தந்தி அடித்தார். 17-ஆம் தேதியே பத்திரிகை முதலாளி ஹெர்ஸ்டின் நியூயார்க் ஜர்னல் நாளேடு 'எதிரியின் வேலை' என்று தலைப்பிட்டது. குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தால் 50,000 டாலர் பரிசு என்றும் அறிவித்தது. கடற்படை விசாரணைக் குழுவின் அறிக்கை வந்ததோ மார்ச் கடைசியில். கண்ணிவெடிதான் காரணம் என்ற அந்த அறிக்கைகூட, வைத்தவர் யார் என்று சொல்லவில்லை. ஏப்ரலில் போர் வந்துவிட்டது. 1976-இல் அட்மிரல் ரிக்கோவர் நடத்திய ஆய்வு, நிலக்கரி அறையில் பற்றிய தீ வெடிமருந்தை எட்டியிருக்கலாம் என்றது. இன்னும் வழக்கு தீரவில்லை. ஜர்னலுக்கு மட்டும் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது!

ஆகவே மாணவர்கள் முதலில் கேட்க வேண்டியது, 'விசாரணை முடிந்ததா?' என்பதை. அடுத்தது, 'படம் எங்கிருந்து வந்தது?' 1897-இல் ஆலிவெட் கப்பலில் கியூபப் பெண்ணை ஸ்பானிய ஆண்கள் ஆடை களைந்து சோதிப்பதாக ஓவியர் ரெமிங்டன் வரைந்த படத்தை ஜர்னல் பெரிதாகப் போட்டது. சோதித்தவர்கள் பெண்கள்தான் என்று அந்தப் பெண்ணே சொன்னதை வெளியிட்டது, போட்டிப் பத்திரிகையான புலிட்சரின் வோர்ல்ட். தொழில் பொறாமைக்கும் ஒரு பயன் உண்டு.

இந்த இரண்டு ஏடுகளிலும் வந்த மஞ்சள் சட்டைப் பையன் கார்ட்டூனிலிருந்துதான் 'மஞ்சள் பத்திரிகை' என்ற பெயர். நம்மூரில் அது கிசுகிசு ஏடுகளுக்குப் போய்விட்டது.

'நீ படம் அனுப்பு, போரை நான் தருகிறேன்' என்று ஹெர்ஸ்ட் ரெமிங்டனுக்குத் தந்தி அடித்ததாக ஒரு கதை உண்டு. தந்தி கிடைக்கவில்லை, ஹெர்ஸ்டும் மறுத்திருக்கிறார். வகுப்பில் சொல்வதானால், சான்றில்லாத கதை என்றே சொல்லுங்கள்.