எழுத்தை எண்ணிவிட்டுக் காசைக் கொடுங்கள்

இந்தக் கிழமை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆங்கிலச் சொல் விளையாட்டுகளைப் பற்றியவை. விடுமுறை வருகிறது, பிள்ளைகள் கேட்கிறார்கள் போலும். சேர்த்தே பதில் தருகிறேன்.

கே: பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் 1,900 ரூபாவுக்கு, எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஸ்கிராபிள் மாதிரி ஒரு பெட்டி வாங்கினேன். வீட்டில் பிரித்தால் எல்லா எழுத்தும் நான்கு நான்கு. ஈ நான்கு, கியூவும் நான்கு. பிள்ளைகளால் சொல்லே கட்ட முடியவில்லை. கடைக்காரர், விளையாடத் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய என்கிறார்.
— ஒரு தகப்பன், பதுளை

ப: உங்கள் பிள்ளைகளுக்கு விளையாடத் தெரியும். பெட்டிதான் பிழை.

ஆங்கில ஸ்கிராபிளில் மொத்தம் 100 கட்டைகள். ஈ மட்டும் 12. ஏ, ஐ ஒவ்வொன்றும் 9, ஓ 8. என், ஆர், டீ (T) ஆறு ஆறு. டி (D), எல், எஸ், யூ நான்கு நான்கு. ஜீ 3. ஜே, கே, கியூ, எக்ஸ், இஸட் ஒவ்வொன்று. எழுத்தே இல்லாத வெறுங்கட்டை 2. மற்ற எல்லாம் இரண்டிரண்டு. இதை 1930களில் உருவாக்கிய அல்பிரட் பட்ஸ் என்ற அமெரிக்கர், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணித்தான் இந்தக் கணக்குக்கு வந்தார். அந்தக் கணக்கை விட்டால் விளையாட்டே இல்லை.

நானும் ஏமாந்திருக்கிறேன். அக்கா மகளுக்கு ஹட்டனில் அவசரமாக வாங்கிய பெட்டியில் வெறுங்கட்டை ஒன்றுகூட இல்லை. ஈ ஐந்தே ஐந்து. "பரவாயில்லை சித்தி" என்றாள். அந்தப் பரவாயில்லை இன்னும் என் மனதை அறுக்கிறது.

பில் இருந்தால் எடுத்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்குப் பேசுங்கள். வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பெட்டியின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டையும் படம் எடுத்து இணையுங்கள்.

கே: மரக்கட்டை எழுத்து நல்லதா, பிளாஸ்டிக் நல்லதா?
— நுவரெலியா

ப: எண்ணிக்கை சரியாக இருப்பது நல்லது.

கே: சம்பள நாளன்று லயத்துக்கு வந்த ஒருவர், ஆங்கிலச் சொல் களஞ்சியம் என்று நான்கு தடித்த புத்தகங்களைத் தவணைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மொத்தம் 18,500 ரூபா. கல்வி அமைச்சு சொன்ன புத்தகம், இதைப் படித்தால் மகள் சொல் போட்டிகளில் வெல்வாள் என்றார். கையெழுத்தும் போட்டுவிட்டேன். மகளுக்கு ஒரு பக்கமும் விளங்கவில்லை.
— கொழுந்து எடுக்கும் ஒரு தாய், மஸ்கெலியா

ப: தங்கச்சி, உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசையைப் பிடித்துத்தான் அந்த ஆள் உள்ளே வந்திருக்கிறார். சம்பள நாளாகப் பார்த்து ஏன் வந்தார்? அன்று கையில் காசு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இந்த வியாபாரத்தை நான் பல வருடமாகப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

அமைச்சு சொன்ன புத்தகம் என்பதை நம்பாதீர்கள். பாடசாலைப் பாடநூல்களை அரசு இலவசமாகத் தருகிறது. அமைச்சுக்கு வேண்டிய புத்தகம் என்றால் அது பாடசாலை வழியாக வரும். தவணைத் துண்டோடு லயத்து வாசலுக்கு வராது.

அடுத்தது, தடிப்பு. சொல் விளையாட்டில் வெல்ல வைப்பவை நீளமான அபூர்வச் சொற்கள் இல்லை, குட்டிச் சொற்கள். கியூவும் ஐயும் சேர்ந்தால் ஒரு சொல். சீனர் சொல்லும் உயிர்ச்சக்தி. எக்ஸும் ஐயும் சேர்ந்தால் ஒரு கிரேக்க எழுத்தின் பெயர். இஸட்டும் ஏயும் சேர்ந்தால் பீட்சாவின் சுருக்கம். இப்படி இரண்டெழுத்துச் சொற்கள் நூற்றுச் சொச்சம்தான். ஒரு கொப்பியின் இரண்டு பக்கத்தில் அடங்கிவிடும். நாளைக்கு ஐந்து எழுதினால் ஒரு மாதத்தில் முடியும். இதற்கு 18,500 ரூபாவா?

விளையாட்டுப் பெட்டிகூட வேண்டாம். பழைய கொப்பி மட்டைகளை 100 துண்டாக வெட்டி, மேலே முதல் பதிலில் சொன்ன கணக்குப்படி எழுத்தை எழுதுங்கள். பலகைக்கு 15க்கு 15 கட்டம், மொத்தம் 225. பட்ஸே முதலில் கையால்தான் செய்தார். என் அக்கா மகள் இப்போது விளையாடுவது மட்டைத் துண்டுகளோடுதான்.

இனி செய்ய வேண்டியது: கையெழுத்துப் போட்ட தாளின் பிரதியைக் கேளுங்கள். அந்த ஆள் வாயால் சொன்னதை எல்லாம் இன்றே திகதியோடு எழுதி வையுங்கள். கூட இருந்தவர்களின் பெயரையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, அடுத்த தவணைக்கு ஆள் வருமுன் அதிகாரசபையிடம் போங்கள். தனியாகப் போக வேண்டாம், பாடசாலை ஆசிரியர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அதே லயத்தில் வேறு யாரும் வாங்கியிருந்தால் அவர்களும் வரட்டும்.

கே: ஒன்லைனில் வாங்கிய ஸ்கிராபிள் பெட்டியை மகனின் பிறந்தநாளுக்கு என்று ஐந்து மாதம் அலுமாரியில் வைத்திருந்தேன். நேற்றுப் பிரித்தால் ஒன்பது கட்டைகள் குறைகின்றன. பில்லும் இல்லை.
— கண்டி

ப: பொருள் வந்த அன்றே பிரித்துப் பார்க்க வேண்டும். இதை இந்தப் பகுதியில் எத்தனை தடவை எழுதுவது? ஒன்பது கட்டைகளையும் மட்டையில் வெட்டிச் செய்யுங்கள்.

கே: வேர்டில் விளையாட ஒரு செயலியைப் போனில் போட்டேன். கிழமைக்குக் கிழமை காசு வெட்டுகிறது. அழித்துவிட்டேன், இன்னும் வெட்டுகிறது.
— தலவாக்கலை

ப: வேர்டிலுக்குக் காசு தேவையில்லை. ஆறு முயற்சிக்குள் ஓர் ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிப்பது, அவ்வளவுதான். 2022 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் வாங்கிய பிறகும் அன்றாடப் புதிரை பிரவுசரில் இலவசமாக விளையாடலாம். நீங்கள் போட்டது வேறு யாரோ செய்த நகல்.

செயலியை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோருக்குள் போய் சப்ஸ்கிரிப்ஷன் பகுதியில் அதை ரத்துச் செய்யுங்கள். ரீலோட் காசில் வெட்டுகிறது என்றால் உங்கள் தொலைபேசி நிறுவனத்துக்குப் பேசி அந்தச் சேவையை நிறுத்தச் சொல்லுங்கள்.

கே: மலிவாகக் கிடைத்த ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புத்தகத்தில் பாடசாலையில் படித்த எழுத்துக்கூட்டல் கட்டத்துக்குள் அடங்குவதில்லை. அச்சுப் பிழையா?
— ஆங்கில ஆசிரியை, பூண்டுலோயா

ப: பிழை இல்லை டீச்சர், அது அமெரிக்கப் புத்தகம். நிறத்துக்கான சொல்லில் நாம் யூ போடுவோம், அவர்கள் போடமாட்டார்கள். ஆறு கட்டம் ஐந்தாகிவிடும். தடயங்களும் பேஸ்போல் ஆட்டக்காரர், அவர்கள் ஊர் டிவி நிகழ்ச்சி என்று போகும். பிள்ளைகளுக்கு என்றால் பிரித்தானியப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அதிலும் குவிக் என்று போட்டதை எடுங்கள். கிரிப்டிக் என்றால் சொற்சிலேடை, இப்போதைக்கு வேண்டாம்.

கே: ஸ்கிராபிளில் கறி (CURRY) என்று வைத்தேன். தமிழ்ச் சொல் செல்லாது என்று பக்கத்து வீட்டு அண்ணா எடுத்துவிட்டார். நல்ல டிக்ஸனரி ஒன்று சொல்லுங்கள்.
— தரம் 8 மாணவி, பண்டாரவளை

ப: செல்லும், மகள். தமிழில் பிறந்து ஆங்கிலத்தில் குடியேறிய சொல் அது. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி மூன்றும் ஆங்கில அகராதிக்குள் அப்படியே போனவை. வட அமெரிக்காவுக்கு வெளியே ஆங்கிலப் போட்டிகள் பெரும்பாலும் காலின்ஸ் சொற்பட்டியலைத்தான் பார்க்கின்றன. அதில் வெறும் பட்டியல், பொருள் இல்லை. நீ படிக்கவும் வேண்டும் என்பதால் பொருளோடு வரும் காலின்ஸ் ஸ்கிராபிள் டிக்ஸனரியை வாங்கச் சொல். நடைபாதையில் போட்டோபிரதிப் பதிப்பு வேண்டாம். நான் வாங்கியதில் எம் (M) எழுத்தில் பதினாறு பக்கம் இல்லை. அண்ணாவிடம் அந்தப் பத்துப் புள்ளியைக் கேட்டு வாங்கு.